வெனிஸ் அந்தியின் ரோஜா நிறம் எங்கே போனது?

சென்ற மாதம் ஓர் அம்மா என் பட்டறைக்கு வந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் பழைய பருத்திப் புடவையில் சுற்றிய ஒரு பிரேம். எட்டு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு இத்தாலி போனபோது, வெனிஸில் ஒரு படித்துறையோரம் உட்கார்ந்து அவரே வரைந்த நீர்வண்ண ஓவியம். அந்தி வானம், கால்வாய், தூரத்தில் ஒரு குவிமாடம்.

“வானத்தில் ரோஜா நிறம் இருந்தது தம்பி. இப்போது பாருங்கள், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. கண்ணாடிக்குள் தூசி போய்விட்டது போலிருக்கிறது. துடைத்துக் கொடுத்துவிடுங்கள்” என்றார்.

பின்பலகையைக் கழற்றி, ஓவியத்தைச் சுற்றியிருந்த மவுண்ட் அட்டையைத் தூக்கினேன். அட்டைக்கு அடியில் மறைந்திருந்த அரை அங்குலத்தில் வானம் அப்படியே இருந்தது. பஞ்சுமிட்டாய் நிறம், நேற்றுப் பூசியதுபோல. அதைத் தாண்டியதும் வெளிறிய நீலச் சாம்பல். இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல ஓர் எல்லைக்கோடு. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தூசி இல்லை, வெளிச்சம்தான் காரணம். படம் வரவேற்பறையில், காலை வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே எட்டு வருடம் தொங்கியிருக்கிறது. நீலத்தோடு கலந்திருந்த ரோஜா நிறம் மட்டும் செத்துவிட்டது, நீலம் பிழைத்துக்கொண்டது. செத்த நிறத்தை நானோ வேறு யாருமோ உயிர்ப்பிக்க முடியாது.

தாளில் வரைந்த ஓவியங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஊர் சுற்றப் போனால் நானும் வண்ணப்பெட்டியோடுதான் போவேன். ஐரோப்பாவுக்குப் போய் வருகிறவர்கள் செல்ஃபியோடு நிறுத்திக்கொள்ளாமல் நாற்சந்தியில் உட்கார்ந்து வரையவும் செய்கிறார்கள் என்பதில் எனக்கு நிஜமான சந்தோஷம். ஆனால் என் மேசைக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் தப்பித்திருக்கக்கூடியவை. தவறு பெரும்பாலும் பெட்டி கட்டும்போதே நடந்துவிடுகிறது.

அந்த அம்மா பூசியது கடைகளில் ‘ஓபரா’ என்ற பெயரில் விற்கும் பளீர் ரோஜா. அதில் ஊதா கலந்த ஒரு நல்ல சிவப்பு நிறமியோடு, ஒளிரும் சாயம் ஒன்றும் சேர்ந்திருக்கும். கண்ணைப் பறிப்பது அந்தச் சாயம்தான், முதலில் ஓடிப்போவதும் அதுதான். எண்ணெய் வண்ணத்தில் நிறமி தடிமனாக, எண்ணெய்க்குள் புதைந்து கிடக்கும். நீர்வண்ணத்திலோ தாளின் மேல் மெல்லிய படலமாகத் தனியே நிற்கிறது. எவ்வளவு நீர்த்துப் பூசுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் வெளிறும். அந்தி வானத்தை யார்தான் கெட்டியாகப் பூசுவார்கள்?

இந்தச் சேதத்துக்கு விடுமுறை கிடையாது. இன்று பட்ட ஒளியும் நாளை படும் ஒளியும் ஒரே கணக்கில் ஏறும். அருங்காட்சியகங்கள் தாளோவியங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் தருகின்றன. நேரடி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஆக, ஒரு மணி நேர வெயில் என்பது அருங்காட்சியக வெளிச்சத்தில் 2,000 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் திறந்திருந்தால் 250 நாள் காட்சி. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்று சிலர் சொல்வார்கள். அது வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும்.

வெனிஸை நீர்வண்ணத்தில் பிடித்தவர்களில் ஆங்கில ஓவியர் டர்னருக்கு மேல் ஆள் இல்லை. 1819, 1833, 1840 என்று மூன்று முறை அங்கே போனவர். ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் வைத்திருந்த டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்கள், உயில் வழியாக 1900இல் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு வந்தன. உயிலில் ஒரு நிபந்தனை: ஆண்டில் ஜனவரி மாதம் மட்டுமே அவற்றைக் காட்ட வேண்டும். அங்கே ஆண்டிலேயே வெளிச்சம் மந்தமாக இருக்கும் காலம் அது. நூறாண்டுக்கு மேலாகியும் அவற்றில் உள்ள வெனிஸ் மின்னலும் வானமும் இன்னும் துடிப்பாக இருக்கின்றன என்றால், அந்த மனிதரின் பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம். வேடிக்கை என்னவென்றால், டர்னரே இந்த விஷயத்தில் அலட்சியப் பேர்வழி. வெளிறிவிடும் நிறங்களை வாங்காதீர்கள் என்று வண்ணம் தயாரிப்பவர் சொன்னபோது, வண்ணம் செய்வது உம் வேலை, பயன்படுத்துவது என் வேலை என்று வாயை அடைத்ததாக ஒரு கதை உண்டு.

வான்கோவும் தப்பவில்லை. ஆம்ஸ்டர்டாமில் அவருடைய படுக்கையறை ஓவியத்தின் முன் நிற்பவர்கள் நீலச் சுவரைப் பார்க்கிறார்கள். அவர் பூசியது வெளிர் ஊதா. அதிலிருந்த சிவப்பு போய்விட்டது.

எனவே கிளம்பும் முன் ட்யூபைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் இருக்கும் அழகான பெயர் வியாபாரம், பின்பக்கத்தில் இருக்கும் நிறமி எண்தான் ஜாதகம். பிஆர் 83 என்றால் அசல் அலிசரின் கிரிம்சன், வெளிறும். அதற்குப் பதில் பிவி 19 எண் கொண்ட குயினாக்ரிடோன் ரோஜாவை எடுங்கள், நன்றாகத் தாங்கும். பிபி 29 அல்ட்ராமரைன் நீலம், பிபிஆர் 7 மண் நிறங்கள், இரண்டும் கவலையில்லாதவை. ஒளி தாங்கும் தரம் ஒன்று அல்லது இரண்டு என்று போட்டிருந்தால் வாங்கலாம். எண்ணே போடாத மலிவான பெட்டி பயிற்சிக்கு மட்டும். பயணத்துக்கு எட்டு நிறம் தாராளம். இருபத்து நான்கு நிறப் பெட்டியோடு வருகிறவர்கள் வரைவதைவிட யோசிப்பதுதான் அதிகம்.

பேனாவிலும் இதே கதை. சாதாரண ஃபவுண்டன் பேனா மை ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே கரையும், வெயிலில் மங்கும். நிறமி மை என்று எழுதியிருக்கும் பேனாவை வாங்குங்கள்.

தாளைப் பற்றி ஒரு புலம்பல். ஃப்ளோரன்ஸிலும் வெனிஸிலும் தோல் அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்களை வாங்கிவந்து அதிலேயே வரைகிறார்கள். பல எழுதுவதற்கானவை, வண்ணம் மையொற்றுத் தாளில் விழுந்ததுபோல உள்ளே இறங்கிவிடும். நீர்வண்ணத் தாளுக்குப் பசையேற்றம், அதாவது தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காதபடி பசை ஊட்டுவது, வேண்டும். தாளுக்கு ஜெலட்டின் பசையேற்றும் முறையே இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர்க் காகிதக்காரர்களால் பரவியது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து காகிதம் செய்யும் ஊர் அது. பருத்தியில் செய்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். ஆனால் திரும்பி வந்தபின் கவனம் தேவை. சென்னை ஈரக்காற்றில் ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து. பழுப்புப் புள்ளிகளோடு வரும் படங்கள் பலவும் வெளிச்சுவரில் மாட்டியிருந்தவை.

உட்கார்ந்து வரையும் இடத்தில் நடக்கும் தவறுகள் வேறு வகை. வெயிலில் தாளை விரித்தால் வெள்ளை கண்ணைக் கூசும், தேவைக்கு மேல் அழுத்தமாகப் பூசிவிடுவோம், அறைக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். சியனாவின் கம்போ சதுக்கத்தில், ஜூலை மாதத்து மதியத்தில் எனக்கே இது நடந்தது. சிப்பிபோலச் சரிந்து இறங்கும் செங்கல் தரை, சுற்றிலும் அந்த ஊர் பெயரே ஒட்டிக்கொண்ட சியன்னா மண் நிறம். பூசிய வண்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்து, விளிம்பு விளிம்பாகக் கறை கட்டியது. மணிக்கூண்டின் நிழல் தரையில் நகர நகர நானும் அதன் பின்னாலேயே நகர்ந்து ஒருவழியாக முடித்தேன்.

அங்கே தரையில் உட்காரலாம். ரோமின் ஸ்பானியப் படிகளில் 2019 முதல் உட்காரவே கூடாது, 400 யூரோ வரை அபராதம். வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்துப் படிகளும் அப்படியே. மடக்கு நாற்காலி இருக்கிறதே என்று வழியை அடைத்து உட்காராதீர்கள்.

வெனிஸ் கால்வாயில் தூரிகையை நனைத்து அந்த ஊர்த் தண்ணீராலேயே வரைந்தேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அது உப்புத் தண்ணீர். அப்படி வரைந்த ஒரு படத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன், வானம் முழுக்கப் பொடிப்பொடியாக உப்பு மின்னியது. மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சித் தாளை நமுக்க வைக்கும். ஊரெங்கும் குடிநீர்க் குழாய் ஊற்றுகள் இருக்கின்றன, புட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள். தூரிகை கழுவிய அழுக்கை அந்த ஊற்றிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். நச்சு உலோகமான காட்மியம் கலந்த வண்ணங்களையே ஓவியர்களுக்குத் தடைசெய்யலாமா என்று 2015 வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் விவாதம் நடந்து, கடைசியில் கைவிடப்பட்டது. தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

வரைந்த பிறகு? புத்தகத்தை மூடி அலமாரியில் வையுங்கள். ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1495 வாக்கில் இன்ஸ்ப்ரூக் நகரை வரைந்த நீர்வண்ணத் தாள்கள் வியன்னாவின் ஆல்பர்டினாவில் இருக்கின்றன. ஐந்நூறு ஆண்டுகள் தாண்டி அவை நிற்பதற்கு, சுவரில் தொங்காமல் இருளில் கிடந்ததுதான் வழி செய்தது. அவருடைய புகழ்பெற்ற முயல் ஓவியத்தின் அசலைக்கூட அங்கே எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறார்கள். சுவருக்கு நல்ல அச்சுப்பிரதி போதும்.

அந்த அம்மாவுக்கும் அதைத்தான் செய்தேன். அட்டைக்கு அடியில் பிழைத்த அரை அங்குலத்தை அளவாக வைத்து, கணினியில் வானத்தின் நிறத்தைத் திருத்தி ஒரு பிரதி எடுத்தோம். அசலை அமிலமில்லாத உறையில் போட்டுக் கொடுத்தேன். “மேலே கொஞ்சம் ரோஜா பூசிவிட்டால் என்ன?” என்று வாசல் வரை கேட்டுக்கொண்டேதான் போனார்.

உங்கள் பெட்டியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நிறத்தையும் ஒரு தாளில் பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். என் பட்டறை ஜன்னலில் இப்போது ஆறு ரோஜா நிறங்கள் ஒட்டியிருக்கின்றன. நான்காவது வாரம் நடக்கிறது. இரண்டு ஏற்கெனவே கைவிட்டுவிட்டன.