செருப்பு டோக்கனும் என்எஃப்டியும்: காசு குடுத்து என்னதான் வாங்குறோம்?

கோயில் வாசல்ல செருப்ப விட்டா நம்பர் போட்ட டோக்கன் ஒண்ணு குடுப்பாங்கல்ல, அத நெனச்சுக்கோங்க. மெஸ்ல சாப்பாட்டு டோக்கன் வாங்கினா உங்களோடதும் என்னோடதும் மாறிப்போனாலும் ஒண்ணும் ஆகாது, ரெண்டுக்கும் அதே சாப்பாடுதான். செருப்பு டோக்கன் மாறிச்சுன்னா வேற யாரோட செருப்பையோ மாட்டிக்கிட்டுதான் வீட்டுக்கு வரணும். மெஸ் டோக்கன் மாதிரி ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாம்ங்கறது ஃபஞ்சிபிள், பிட்காயினும் ஐநூறு ரூபா நோட்டும் அந்த ரகம். செருப்பு டோக்கன் நான்-ஃபஞ்சிபிள், டிஜிட்டல் படம் மாதிரி ஒண்ணுக்குக் குடுக்குற என்எஃப்டிங்கற டோக்கன்ல வர்ற என்னும் எஃப்பும் அதுதான். அப்புறம் இதுலயே இன்னொரு விஷயமும் ஒளிஞ்சிருக்கு: டோக்கன் வேற, செருப்பு வேற. என்எஃப்டி பத்தி நடக்குற சண்டைல பாதி இத மறந்துட்டதால வர்றதுதான்.

2021 மார்ச் 11ல கிறிஸ்டீஸ் ஏலத்துல பீப்பிள்ங்கற அமெரிக்க ஓவியரோட படம் ஒண்ணு என்எஃப்டியா 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போச்சு, நம்ம காசுல 500 கோடி சொச்சம். 2007 மே 1லேர்ந்து தினம் ஒரு படம்னு வரைஞ்சு அதுல 5000 படத்த ஒட்டிச் செஞ்ச ஒரே பெரிய ஜேபெக் ஃபைல். வாங்கினது மெட்டாகோவன்னு ஒரு புனைபேர், யார்டா இதுன்னு உலகமே தேடிட்டு இருந்தப்ப ஒரு வாரத்துல அவரே வெளிய வந்தாரு, விக்னேஷ் சுந்தரேசன், சிங்கப்பூர்ல இருக்குற நம்ம தமிழர். அன்னிக்கு எல்லாரும் கேட்ட கேள்வி, ரைட் கிளிக் பண்ணா எனக்கும்தான் அந்தப் படம் வருது, இவருக்கு என்ன கெடச்சுச்சுங்கறது. நியாயமான கேள்விதான். காப்பிரைட் கூட ஓவியர்கிட்டதான் இருக்கு.

அவருக்குக் கெடச்சது எதீரியம்ங்கற பிளாக்செயின்ல, அதாவது யாரும் பாக்கக்கூடிய ஒரு பொது டிஜிட்டல் ரெஜிஸ்டர்ல, இருக்குற ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட்ல (ஒரு புரோகிராம்தான்) 40913ங்கற நம்பருக்கு நேரா அவரோட முகவரி. அவ்ளோதான், உண்மையிலயே அவ்ளோதான். ஸ்மார்ட் கான்ட்ராக்ட்னு பெரிய பேரா இருந்தாலும் உள்ள இருக்குறது ரெண்டு காலம் போட்ட பேரேடு மாதிரி ஒண்ணுதான், இந்தப்பக்கம் டோக்கன் நம்பர், அந்தப்பக்கம் ஓனரோட வாலட் முகவரி, பேங்க் அக்கவுன்ட் நம்பர் மாதிரி. 2018 ஜனவரில ஈஆர்சி-721ன்னு ஒரு பொது விதி எழுதினாங்க, இந்த நம்பருக்கு ஓனர் யாருன்னு கேட்டா எப்படிப் பதில் சொல்லணும், கைமாத்தணும்னா எப்படி மாத்தணும்னு. அதனாலதான் ஒருத்தர் போட்ட என்எஃப்டிய இன்னொருத்தரோட மார்க்கெட்ல விக்க முடியுது.

நெலம் வாங்குறப்ப வில்லங்கம் போட்டுப் பாப்போம்ல, யார்கிட்டேர்ந்து யாருக்கு எந்த வருஷம் போச்சுன்னு? அதே வேலையத்தான் பிளாக்செயின் செய்யுது, என்ன ஒண்ணு, அந்த ரெஜிஸ்டர் ஒரு ஆபீஸ்ல இல்லாம உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி காப்பியா இருக்கு. யாராச்சும் ஒருத்தர் தன் காப்பில மட்டும் பேர மாத்தி எழுதினா மத்தவங்க காப்பியோட ஒத்துவராது, தள்ளிடுவாங்க. பேர மாத்தணும்னா இப்ப இருக்குற ஓனரோட ரகசியச் சாவியால கையெழுத்து விழணும்.

படம் எங்க இருக்குங்கறதுதான் நெறைய பேர் கேக்காம விடுற கேள்வி. அவ்ளோ பெரிய ஃபைல பிளாக்செயின்ல வெச்சா கட்டுப்படியாகாது, அதனால டோக்கன்ல ஒரு லிங்க் மட்டும் இருக்கும். அந்த லிங்க் ஏதோ ஒரு கம்பெனி சர்வருக்குப் போனா, கம்பெனி மூடின அன்னிக்கு உங்க கையில டோக்கன் இருக்கும், செருப்பு ஸ்டாண்டு இருக்காது. ஐபிஎஃப்எஸ்னு பல கம்ப்யூட்டர்கள் சேந்து ஃபைல பகிர்ந்துக்குற நெட்வொர்க்ல போட்டா கொஞ்சம் தேவல, அங்க முகவரியே ஃபைலோட உள்ளடக்கத்துலேர்ந்து கணக்குப் போட்டு வர்றது, ஒரு பிக்சல் மாறினாலும் முகவரி மாறிடும், அதனால படத்த யாரும் சத்தமில்லாம மாத்த முடியாது. ஆனா அங்கயும் யாராச்சும் ஒருத்தர் ஃபைல வெச்சிருந்தாதான் உண்டு. 2017ல வந்த கிரிப்டோபங்க்ஸ்ங்கற என்எஃப்டி வரிசைல இருக்குறது 24க்கு 24 பிக்சல் பொடிப் பொடிப் படங்கள், அதனால 2021ல அத்தனையையும் பிளாக்செயின்லயே ஏத்திட்டாங்க.

சரி, வெச்சிருந்தா என்ன லாபம்? என்னைக் கேட்டா அந்த வில்லங்கச் சரித்திரம்தான் பெரிய லாபம். ஓவியர்கிட்டேர்ந்து உங்க வரைக்கும் எத்தன கை மாறுச்சுன்னு யார் வேணா எப்ப வேணா பாக்கலாம், விக்கணும்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் யார்கிட்டயும் பர்மிஷன் கேக்காம விக்கலாம். வேற புரோகிராம்களும் அந்தப் பேரேட்டப் படிக்கும்ங்கறதால டிக்கெட்டாவோ கிளப் மெம்பர்ஷிப்பாவோ ஆக்கலாம், எதீரியத்துல நீளமான வாலட் முகவரிக்குப் பதிலா வெச்சுக்குற ஈஎன்எஸ் பேர்கள் கூட என்எஃப்டிதான். போர்ட் ஏப்னு ஒரு குரங்குப் பட என்எஃப்டி வரிசை, அத வாங்கினவங்களுக்கு அந்தப் படத்த வெச்சு வியாபாரம் பண்ற உரிமையும் குடுத்தாங்க, ஆனா அது டோக்கனால வந்ததில்ல, கம்பெனி தனியா எழுதிக் குடுத்தது. ஓவியருக்கு ஒவ்வொரு மறுவிற்பனைக்கும் ராயல்டின்னு அப்ப ரொம்பப் பெருமையா பேசினாங்க, பாத்தா ஈஆர்சி-721ல அதக் கட்டாயமாக்குற வழியே இல்ல, மார்க்கெட்டுகள் மனசு வெச்சாதான் உண்டு, 2022, 2023ல பெரிய மார்க்கெட்டுகளே விருப்பம் இருந்தா குடுங்கன்னு கழண்டுக்கிச்சு.

ஒண்ணுதான் இருக்குங்கறதால வெல இருக்கும்னு அர்த்தமில்ல. ட்விட்டர ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜாக் டோர்சியோட மொத ட்வீட்ட என்எஃப்டியா 2021ல 29 லட்சம் டாலருக்கு வாங்கினவர் அடுத்த வருஷமே 4.8 கோடி டாலர்னு ஏலத்துல விட்டாரு, ஏலம் முடிஞ்சப்ப யாரும் 300 டாலர் கூடக் கேக்கல. இன்னொண்ணு, உங்க படத்த நான் எடுத்து என் பேர்ல டோக்கன் போட்டா பிளாக்செயின் தடுக்காது. நம்ம ஊர்லயும் பத்திரம் பதிஞ்சிட்டதாலயே நெலம் உங்களுதுன்னு ஆயிடாது, ஆனா இங்க கோர்ட்டுக்குப் போயி பதிவ ரத்து பண்ண வழி இருக்கு. அங்க தீர்ப்பே வாங்கினாலும் சாவி வெச்சிருக்கறவன் கையெழுத்துப் போடாம பேர் மாறாது.

அந்தச் சாவியத் திரும்ப எடுக்க 12 இல்லன்னா 24 வார்த்தை குடுப்பாங்க, அது தொலஞ்சா ஃபர்கெட் பாஸ்வேர்டு பட்டன் கெடையாது. என் ஃப்ரெண்டு ஒருத்தன் வேற கத, வார்த்தையெல்லாம் பத்திரமாத்தான் வெச்சிருந்தான், ஃப்ரீயா என்எஃப்டி தர்றோம்னு வந்த ஒரு லிங்க்ல போய் கையெழுத்துப் போட்டான், அந்த ஒரு கையெழுத்துலயே ஒரு கலெக்ஷன்ல, அதாவது ஒரே வரிசை என்எஃப்டில, அவன் வெச்சிருந்தது எல்லாத்தையும் எடுத்துக்கற அனுமதியும் போயிடுச்சு. காலைல எந்திரிச்சுப் பாத்தா அந்தக் கலெக்ஷன் மொத்தமும் காலி. இப்பவும் அந்தப் பேரேட்டத் தொறந்தா தெரியுது, அவன் டோக்கன் எந்த முகவரிக்குப் போச்சு, திருடினவன் எத்தன தடவ கை மாத்தி வித்தான், எல்லாம் தேதி நேரத்தோட.