முகம் கழுவினால் ஏன் இழுக்கிறது?

முகம் கழுவித் துடைத்த கொஞ்ச நேரத்தில் கன்னம் இரண்டும் இழுத்துப் பிடிக்கும். வாயைத் திறந்து சிரிக்கக்கூட யோசனையாக இருக்கும். பலர் இதை "நல்லா சுத்தமாயிடுச்சு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தோலிலிருந்து ஈரம் வேகமாக வெளியேறுகிறது என்பதற்கான அறிகுறி அது. சென்சிட்டிவ் ஸ்கின் உள்ளவர்களுக்கு இதோடு எரிச்சலும் சேரும். எந்த சோப், எந்த க்ரீம் என்று கடையில் குழம்பி நிற்கும் முன் இந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தோலின் ஆக மேலே இருக்கும் படலம் சுமார் 0.02 மில்லிமீட்டர் தடிமன்தான். நோட்டுத் தாளைவிட மெல்லியது. அதற்குள் 15, 20 அடுக்காகச் செத்த செல்கள் தட்டையாகக் கிடக்கின்றன. செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள்தான் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு, சாந்து. அந்தச் சாந்தில் ஏறக்குறைய பாதி செராமைடு என்ற கொழுப்பு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிடித்து வைப்பதும், வெளியிலிருந்து கண்டது நுழையாமல் தடுப்பதும் இந்தச் சாந்துதான்.

சோப்பின் வேலையோ கொழுப்பைப் பெயர்ப்பது. சோப் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். பல மூலக்கூறுகள் கூடி எண்ணெய்ப் பிசுக்கை நடுவில் வைத்து உருண்டையாகச் சுற்றிக்கொள்ள, தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது. வெயிலில் அலைந்து வந்த பிசுக்கோடு சாந்திலும் கொஞ்சம் போய்விடுகிறது.

அதோடு முடிவதில்லை. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலம்; அதன் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) ஏறக்குறைய 5. சாதாரண சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. பி.எச். அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், நான்கு படி வித்தியாசம் என்றால் பத்தாயிரம் மடங்கு! செராமைடைத் தயாரிக்கும் என்சைம்களுக்கு அமிலச் சூழல் வேண்டும். சோப்பால் பி.எச். ஏறினால் அவை மந்தமாகிவிடும். செல்களைப் பிணைத்திருக்கும் புரதத்தை அறுக்கும் என்சைம்கள் சுறுசுறுப்பாகிவிடும். சுவரில் ஓட்டை விழும் நேரத்தில் கொத்தனார் லீவு போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது? மிளகாய் அரைத்த கை எரிகிறதே, அந்த மிளகாய்க் காரத்தை உணரும் ஏற்பி நம் தோலின் நரம்பு முனைகளில் இருக்கிறது. 1997இல் அதை அடையாளம் காட்டிய டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய்க்கு மட்டுமல்ல, சூட்டுக்கும் அமிலத்துக்கும் அது துடிக்கும். சுவர் ஓட்டையாக இருந்தால் க்ரீமில் உள்ள அமிலம் எளிதாக அந்த நரம்பு வரை போய்விடும். அதனால்தான் ஒருவருக்குச் சும்மா இருக்கும் க்ரீம் இன்னொருவருக்குத் தீயாய் எரிகிறது.

நம் ஊரில் இரண்டு நம்பிக்கைகள் ஆழமாக ஊறியிருக்கின்றன. ஒன்று, தேங்காய் எண்ணெய் சோப் மென்மையானது என்பது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். 12 கார்பன் கொண்ட அந்தச் சங்கிலிதான் நுரையை அள்ளித் தருகிறது, தோலை வறட்டுவதிலும் அதுதான் முன்னால் நிற்கிறது. தோலில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்கும் ஆய்வுகளில் வழக்கமாகப் பயன்படுவது சோடியம் லாரில் சல்ஃபேட். அதற்கும் இதே நீளச் சங்கிலிதான். எண்ணெயாகத் தேய்க்கும்போது இதமாக இருப்பது சோப்பாக மாறியபின் வேறு பொருள். இரண்டாவது, சோப் உறையில் போட்டிருக்கும் டி.எஃப்.எம். 76 சதவீதம் இருந்தால் தோலுக்கு நல்லது என்பது. அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்றுதான் சொல்கிறது. காரத்தன்மையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சரி, எதை வாங்குவது? 'சின்டெட் பார்' என்று கேளுங்கள். பார்க்க சோப் போலவே இருக்கும், ஆனால் சோப் அல்ல. பெரும்பாலும் சோடியம் கொகோயில் ஐசெத்தியோனேட் என்ற பொருளால் செய்வது; பி.எச். தோலுக்கு நெருக்கமாக வரும்படி தயாரிக்க முடியும். போர் தண்ணீரில் சாதாரண சோப் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் தோலில் ஒட்டுமே, அந்தத் தொல்லையும் இதில் குறைவு. ஃபேஸ் வாஷ் என்றால் கோக்கமிடோப்ரோபைல் பீட்டெய்ன் கலந்ததா என்று பாருங்கள். அது சேரும்போது அழுக்கை நீக்கும் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரிந்து தோலுக்குள் புகுவது குறைகிறது.

கழுவியபின் தோல் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும். செராமைடு சாந்துக்கு ஈடு கொடுக்கும். பழைய பெட்ரோலியம் ஜெல்லி மேலே மூடி போடும், விலையும் குறைவு.

வாசனையில்தான் கவனம் அதிகம் வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லாவெண்டரில் உள்ள லினலூல் இரண்டும் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது அலர்ஜியைத் தூண்டும் பொருளாக மாறுகின்றன. 'இயற்கை' என்று எழுதியிருப்பதால் இது மாறாது. அலர்ஜி வருவது குறைவு என்று சொல்லும் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லை நம்பியும் வாங்க வேண்டாம். அதற்குச் சோதனை கட்டாயம் என்று அமெரிக்காவில் உணவு, மருந்து, அழகுசாதனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1975இல் விதி கொண்டுவந்தது. அழகுசாதன நிறுவனங்கள் வழக்குப் போட, 1977இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வரையறையே இல்லை.

எதை வாங்கினாலும் முதலில் முகத்தில் போடாதீர்கள். க்ரீமாக இருந்தால் முழங்கை மடிப்பின் உள்பக்கம், ஒரே இடத்தில், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். தடவிய உடனே எரிந்தால் பெரும்பாலும் சுவர் பலவீனமாக இருக்கிறது என்று பொருள். சில வாரம் தோலை ஆறவிட்டால் அதே க்ரீம் ஒத்துக்கொள்ளக்கூடும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவந்து அரித்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். அப்போது க்ரீமை நிறுத்திவிட்டு, டப்பாவைத் தூக்கி எறியாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேட்ச் டெஸ்ட் (பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) வைத்துப் பார்க்க அந்த லேபிள் அவருக்குத் தேவைப்படும்.