ரிமோட்டின் உறையைப் பிரித்தாயிற்றா?

மேலூர் ரோட்டில் ஒரு பள்ளி. டிஜிட்டல் பயன்பாட்டையும் பார்க்கும் தரச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று தாளாளர் கூப்பிட்டிருந்தார். நாலு கம்பெனியில் கொட்டேஷன் வாங்கி, பேரம் பேசி, வகுப்புக்கு ஒன்றாக ஸ்மார்ட் போர்டு மாட்டிய கதையை அரை மணி நேரம் சொன்னார். ஏழாம் வகுப்புக்குள் போனதும் ரிமோட்டைக் கேட்டேன். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள். பாலித்தீன் உறை பிரிக்கவே இல்லை. பேட்டரி தனிப் பொட்டலத்தில் கிடந்தது. முன் பெஞ்சில் இருந்த பிள்ளையிடம், "இதுல என்னம்மா பார்ப்பீங்க?" என்றேன். "யாராச்சும் பார்க்க வந்தா படம் போடுவாங்க சார்" என்றாள். தாளாளர் பக்கம் நான் திரும்பவே இல்லை.

கேலிக்காகச் சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஆசிரியராக இருந்து, பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று லேபைப் பூட்டிச் சாவியை ஹெச்.எம். மேசையில் வைத்தவன்தான். இப்போது மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரப் பள்ளிகள் தரச் சான்றுக்குத் தயாராக உதவுகிறேன். போகிற இடமெல்லாம் முதல் கேள்வி, "இன்னும் என்ன சார் வாங்கணும்?" அநேகமாக ஒன்றும் வாங்க வேண்டாம் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நம் ஊரில் டிஜிட்டல் பயன்பாட்டைப் பெரும்பாலும் பள்ளியின் மொத்தத் தரத்தோடு சேர்த்தே பார்க்கிறார்கள். 2015-ல் வந்த, மத்திய அரசின் பள்ளி மதிப்பீட்டு முறையான ஷாலா சித்தியில் 7 பகுதிகள், 46 தரக்கூறுகள். முதல் பகுதியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு பொருள் இருக்கிறதா, போதுமா என்பதற்கு ஒரு கட்டம். அது நல்ல நிலையில் இருக்கிறதா, பயன்படுகிறதா என்பதற்கு இன்னொரு கட்டம். இரண்டையும் ஒரே எண்ணால் நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும் பள்ளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கான எஸ்.க்யூ.ஏ.ஏ. சுயமதிப்பீட்டிலும் 7 பகுதிகள்; கட்டட, கருவி வசதிக்கு அதில் ஒன்றுதான். இந்தியத் தர கவுன்சிலின் நாபெட் அங்கீகாரம் வேண்டுமென்றால் வெளியாட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள்.

டிஜிட்டலுக்கென்றே தனியாகச் சான்று தருவதில் பிரிட்டனின் ஐ.சி.டி. மார்க் பழையது. அதைத் தொடங்கிய பெக்டா என்ற அரசு அமைப்பையே 2011-ல் மூடிவிட்டார்கள். ஆனாலும் அந்தச் சான்று ஒரு கல்வித் தொழில்நுட்பச் சங்கத்தின் கைக்கு மாறித் தொடர்ந்தது. பள்ளி முதலில் தன்னைத் தானே மதிப்பிட வேண்டும், பிறகுதான் மதிப்பீட்டாளர் வருவார். பெரிய கம்பெனிகள் தரும் பட்டங்களும் உண்டு. வாங்கினால் தப்பில்லை, ஆனால் அவரவர் சரக்கைப் பள்ளி எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள் என்று தெரிந்து வாங்குங்கள்.

எனக்குப் பிடித்தது, ஐரோப்பிய ஆணையம் 2018-ல் கொண்டுவந்த 'செல்ஃபி' முறை. தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், மாணவர்கள் மூன்று தரப்பும் பெயர் சொல்லாமல் தனித்தனியாகப் பதில் சொல்வார்கள். நான் போகும் பள்ளிகளில் இதையே வெள்ளைத்தாளில் செய்யச் சொல்கிறேன். "வாரத்தில் எத்தனை பாடவேளை கம்ப்யூட்டரைத் தொடுகிறீர்கள்?" ஒரு பள்ளியில் ஹெச்.எம். நான்கு என்று எழுதினார். ஆசிரியர்கள் இரண்டு என்றார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் 'எப்பவாவது' என்று எழுதியிருந்தார்கள். இந்த இடைவெளியைச் சரிசெய்யத்தான் ஒரு வருடம் வேண்டும். விண்ணப்பத்தை நிரப்ப ஒரு வாரம் போதும்.

சரி, பயன்படுத்துகிறோம் என்பதை எப்படிக் காட்டுவது? உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி. ஒரே புரொஜெக்டர், நாலு லேப்டாப், அவ்வளவுதான். அங்கே ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, வகுப்பு, பாடம், எதைப் பயன்படுத்தினோம், என்ன ஆயிற்று என்று ஐந்து கட்டம் போட்டு ஆசிரியர்களே எழுதி வந்தார்கள். 'பாடநூல் க்யூ.ஆர். கோடு, திக்‌ஷா வீடியோ. பாதியில் நெட் நின்றது.' 'கரண்ட் இல்லை. போர்டில் வரைந்தேன்.' 'கோணம் வரைவதை இரண்டு முறை ஓட்டிக் காட்டினேன், கடைசி வரிசைக்கும் புரிந்தது.' இப்படி நூறு பக்கம். மதிப்பீட்டுக்கு வந்தவர் பளபளப்பான ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு இந்த நோட்டைத்தான் புரட்டினார். பாடம் சரியாக நடக்காத நாளையும் எழுதியிருப்பதால் மற்றதெல்லாம் உண்மை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இதற்கு நேர் எதிராக, ஆல்பம் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு பள்ளி இருபது போட்டோ இணைத்திருந்தது. ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, அறிவியல், கணக்கு, எல்லாம் உண்டு. இருபதிலும் கரும்பலகையின் மூலையில் ஒரே தேதி.

எல்லாரும் கோட்டை விடுவது பிள்ளைகளின் பாதுகாப்பில். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வகுப்பு முழுவதன் மதிப்பெண் பட்டியலையும், பிறந்த தேதி, கைபேசி எண்ணோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருக்கும். 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாதவர்கள் எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. பிள்ளைகளின் எந்தத் தகவல் யார் கையில் இருக்கிறது, ஆண்டு விழா வீடியோவை யூடியூபில் ஏற்ற யார் சம்மதித்தார்கள், ஒரு பிள்ளைக்கு ஆன்லைனில் தொல்லை வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ லேப் கதவில் பெரிதாக எழுதிவையுங்கள். இதற்கெல்லாம் பெயிண்ட் டப்பா செலவுதான்.

அப்புறம், பயிற்சி. கம்ப்யூட்டர் ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்த பள்ளி, அவர் லீவு போட்டால் படுத்துவிடும். தமிழாசிரியரும் பி.இ.டி. மாஸ்டரும் ஒரு தடவையாவது தாங்களே கேபிளைச் செருகிப் பழகியிருக்க வேண்டும். மதிப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

மேலூர் ரோட்டுப் பள்ளிக்கு எட்டு மாதம் கழித்துத் திரும்பப் போனேன். ரிமோட் மேசை மேலேயே கிடந்தது. பின்மூடியைக் காணோம், பேட்டரி விழாமலிருக்க செல்லோ டேப் சுற்றியிருந்தார்கள். சத்தம் கூட்டும் பட்டனில் எழுத்து அழிந்திருந்தது. அங்கேயும் எழுதச் சொல்லியிருந்த நோட்டைக் கேட்டேன், கொண்டுவந்தார்கள், ஜூலை மாதம் மட்டும் காலி. "அதையும் இப்ப எழுதிடவா சார்?" என்றார் ஆசிரியை. வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும், இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள் என்றேன்.