பில்ரர் பெட்டிக்குள் குத்தரிசி

போன சனிக்கிழமை காலை, என் கார் திருத்துகிற கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஓர் ஐயா காரோடு வந்து நின்றார். டிசம்பரில் யாழ்ப்பாணம் போனவர். தைப்பொங்கல், சிவராத்திரி எல்லாம் ஊரில் கொண்டாடிவிட்டு அந்த வாரம்தான் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குத் திரும்பியிருந்தார். "தம்பி, ஹீற்றரைப் போட்டால் உள்ளுக்கை கடகட எண்டு சத்தம் கேக்குது. ஒரு மணமும் வருது. ஒருக்காப் பாரும்" என்றார்.

குளோவ் பொக்ஸைக் கழற்றிவிட்டு, அதற்குப் பின்னால், காருக்குள் வருகிற காற்றை வடிக்கிற கபின் பில்ரர் இருக்கிற பெட்டியின் மூடியை இழுத்தேன். சரசரவென்று சிவப்புக் குத்தரிசி என் மடியில் கொட்டியது. இரண்டு கைப்பிடி இருக்கும். பில்ரரின் நடுவில் கோழி முட்டை அளவுக்கு ஓட்டை. அதற்குள் சீற்றிலிருந்து பிய்த்த பஞ்சு, ரிஷ்யூ, ஊர்ச்சங்க ஒன்றுகூடல் நோட்டீஸ் ஒன்றின் துண்டுகள். 'அனைவரும் வருக' என்று இருந்திருக்க வேண்டும். 'வருக' மட்டும் கடிபடாமல் மிஞ்சியிருந்தது.

"காருக்கை அரிசி எப்படி வந்தது தம்பி?"

"அரிசி மூட்டை எங்கை ஐயா வைச்சிருக்கிறீங்கள்?"

"கராஜுக்கைதான். காருக்குப் பக்கத்திலை."

இந்த மார்ச்சில் சுண்டெலி கூடு கட்டிய ஆறாவது கார் இது. ஆறு பேரும் ஊருக்குப் போய் வந்தவர்கள், ஆறு பேரும் காரை வீட்டுக் கராஜுக்குள்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கராஜுக்குள் விட்டதால் பாதுகாப்பு என்று ஆறு பேருமே நினைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்தமுறை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சுண்டெலி உங்கள் காரைத் தேடி வரவில்லை. குளிருக்கு ஒதுங்கவும் சாப்பாட்டுக்கும் கராஜுக்குள் வருகிறது. வந்த இடத்தில் இருட்டாக, காற்றடிக்காமல், மெத்தைக்குப் பஞ்சோடு ஒரு வீடு மூன்று மாதமாக அசையாமல் நிற்கிறது. வேறென்ன வேண்டும் அதற்கு? சுண்டெலி குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கிற பிராணியும் இல்லை. சினைப்பட்டு மூன்று வாரத்தில் குட்டி போடும். நீங்கள் விமானம் ஏறியபோது ஒரு சோடி இருந்திருந்தால், இறங்கும்போது எத்தனை இருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இனி, எனக்கு ஆகலும் கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். மணம். எலி விரட்டுவதென்றால் எல்லோருக்கும் மணம்தான் ஞாபகம் வருகிறது.

உடுப்பு உலர்த்தும் மெஷினுக்குள் போடுகிற வாசனைத் தாளைச் சீற்றுக்குச் சீற் விரித்துவிட்டுப் போவார்கள். எலிக்கு அந்த மணம் பிடிக்காதாம். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு வானின் எயார் பில்ரர் பெட்டியை, எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிக்கிற பெட்டியை, திறந்தேன். உள்ளே மெத்துமெத்தென்று ஒரு கூடு. முக்கால்வாசி அந்தத் தாளேதான். மெல்லிய நூலாகப் பிரித்து, வட்டமாகச் சுற்றி, நடுவில் குழி வைத்து, கைவேலைப்பாடு என்றால் அதுதான். உரிமையாளர் ஒரு பெட்டித் தாள் வாங்கிப் போட்டிருந்தார். எலிக்கு வெளியே போய்ப் பஞ்சு தேடுகிற வேலை மிச்சம்.

பெப்பர்மின்ற் எண்ணெய் அடித்தவர்கள், வாசனைச் சோப்பைச் சீவிப் போட்டவர்கள் எல்லோரையும் பார்த்துவிட்டேன். எண்ணெய் சில நாளில் ஆவியாகிவிடும், நீங்கள் போவதோ மூன்று மாதம். அதைவிட ஒன்று: வெளியே மைனஸ் 15. உள்ளே உங்கள் மூக்குக்குக் கொஞ்சம் காரமான மணம். நீங்கள் எலியாக இருந்தால் எங்கே படுப்பீர்கள்? குப்பைத் தொட்டிக்குள்ளும் கழிவுக் குழாய்க்குள்ளும் குடும்பம் நடத்துகிற பிராணி மணத்துக்குப் பயந்து ஓடும் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

பூச்சி உருண்டைக் கதை இதைவிட மோசம். எலி போகாது, உருண்டையின் மணமும் போகாது. சீற் பஞ்சுக்குள்ளும் கூரைத் துணிக்குள்ளும் அது ஏறிவிட்டால் கோடை முழுக்கக் கண்ணாடியைத் திறந்துகொண்டுதான் ஓட வேண்டும். அது இறுக்க மூடிய பெட்டிக்குள் உடுப்போடு வைப்பதற்கான சாமான். பிள்ளைகள் ஏறி உட்காருகிற காருக்குள் கொட்டுவதற்கானது அல்ல. பக்கெற்றிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும், ஒருக்கா வாசியுங்கள்.

மிளகாய்த்தூள் கதையையும் சொல்லிவிடுகிறேன். மார்க்கம் நகரில் இருக்கிற ஓர் அண்ணை, ஊரிலிருந்து வந்த நல்ல தூளை வைப்பர் தட்டிலிருந்து எஞ்சின் வரைக்கும் தூவிவிட்டுப் போனார். திரும்பி வந்து ஃபானை நாலில் போட்டார். வைப்பருக்குக் கீழே இருக்கிற அந்தத் துளைகளால்தான் வெளிக்காற்று காருக்குள் வருகிறது. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. அவர் கடைக்கு வந்தபோதும் கண் சிவந்துதான் இருந்தது. உறைப்பு வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஹொண்டா நிறுவனமே மிளகாயின் உறைப்புச் சாரம் பூசிய ரேப், அதாவது ஒட்டுநாடா, விற்கிறது. அதை வயரில் சுற்றினால், கடிக்கிற நேரத்தில் நேரே நாக்கில் படும். தூவிய தூள் ஈரத்தில் கட்டிபட்டு ஒரு மூலையில் கிடக்கும், எலி சுற்றிப் போய்விடும்.

எலியை விரட்டும் என்று கராஜ் சுவரில் செருகுகிற 'கேளா ஒலி' பெட்டிக்கு ஒரே வரி: 2001இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், ஆதாரம் கையில் இல்லாமல் இவற்றை விளம்பரம் செய்யாதீர்கள் என்று 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவர்கள் இன்னும் விற்கிறார்கள், நீங்களும் இன்னும் வாங்குகிறீர்கள்.

'இப்போதைய கார் வயரெல்லாம் சோயாவில் செய்தது, அதைத்தான் எலி தின்னுது' என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் அதற்காகக் கார் நிறுவனங்கள்மீது வழக்கே போட்டார்கள். நான் பார்த்தவரைக்கும் எலி வயரைத் தின்பதில்லை. கடித்த இடத்துக்குக் கீழே பாருங்கள், உறைத் துகள் அப்படியே குவிந்து கிடக்கும். அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். தொண்ணூறுகளில் வந்த கார்களிலும் கடிபட்ட வயரை மாற்றியிருக்கிறேன்.

"ஒரு வயர்தானே, ரேப் சுற்றி விடும்" என்று கேட்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பனிக்கு வீதியில் போடுகிற உப்பு கரைந்த தண்ணீர் ரேப்புக்குள்ளால் செப்புக் கம்பியில் ஏறும். அடுத்த குளிர்காலத்துக்குள் கம்பி பச்சை பிடித்து, தொட்டால் உதிரும். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்குகிற குழாய் போட்டு மூடினால்தான் நிற்கும். சீற்றுக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட வயர் கடிபட்டிருந்தால் நான் ஒட்டவே மாட்டேன். அது ஏர்பாக்கினுடையது, முழுத் தொகுதியையும் மாற்றத்தான் வேண்டும். வயரின் விலை சில சதம்தான். கடிபட்ட இடத்தைத் தேடி டாஷ்போர்டைக் கழற்றிப் பூட்டுகிற மணித்தியாலங்களுக்குத்தான் நீங்கள் காசு தருகிறீர்கள். காப்புறுதியைக் குளிர்காலத்துக்குக் குறைத்து வைப்பவர்கள், எலி கடித்தால் பணம் வருமா என்று புரோக்கரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

அரிசி மூட்டையைக் கராஜிலிருந்து எடுங்கள். இதை இரண்டுதரம் வாசியுங்கள். இருபது கிலோ அரிசி, வெங்காயச் சாக்கு, குருவிக்குப் போடுகிற தானியம், நாய்ச் சாப்பாடு எல்லாம் வீட்டுக்குள் போக வேண்டும். இடமில்லையென்றால் மூடி இறுகிய தகர வாளிக்குள் போக வேண்டும். சாக்கும் பொலித்தீனும் எலிக்குக் கதவே இல்லை. பிறகு காருக்குள் வாருங்கள். குழந்தைச் சீற்றைத் தூக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே மிக்சரும் கச்சானும் பிஸ்கற் தூளும் ஒரு குடும்பத்துக்குப் போதுமான அளவு இருக்கும். வக்யூம் பண்ணுங்கள். ரிஷ்யூப் பெட்டி, கோயில் நோட்டீஸ், பழைய துவாய் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சாப்பாடில்லாத காரிலும் பஞ்சு இருந்தால் கூடு வரும்.

அடுத்தது கராஜ். பகலில் உள்ளே போய் விளக்கை அணைத்து, கதவை மூடி, ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். எங்கே எல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அதெல்லாம் வாசல். பெரிய கதவின் இரண்டு கீழ்மூலைகள்தான் வழக்கமான இடம், றப்பர் அங்கேதான் முதலில் தேயும். ஆறு மில்லிமீற்றர் இடைவெளி, ஒரு பென்சில் நுழைகிற ஓட்டை, சுண்டெலிக்குப் போதும். றப்பரை மாற்றுங்கள். சுவரில் குழாய் வருகிற ஓட்டைகளுக்குச் செப்புவலையைத் திணித்து மேலே பூசுங்கள். இரும்புப் பஞ்சும் பரவாயில்லை, ஆனால் துருப்பிடித்து உதிரும். வெறும் ஸ்பொஞ்ச் நுரையால் அடைத்தால் ஒரே இரவில் வழி போட்டுவிடும். இந்த வேலையைத் தாங்ஸ்கிவிங் வார இறுதிக்குள், அக்டோபர் நடுப்பகுதிக்கு முன்னர் முடியுங்கள். டிசம்பரில் ரிக்கற்றோடு நின்றுகொண்டு அடைத்தால் எலியை உள்ளே வைத்துப் பூட்டுவதாகத்தான் முடியும்.

காரில் இரண்டு வேலை. கடைசியாக நிறுத்தும்போது, காற்று உள்ளேயே சுற்றுகிற பட்டனை அழுத்திவிட்டு எஞ்சினை அணையுங்கள். பெரும்பாலான கார்களில் வெளிக்காற்று வருகிற கதவு அப்படியே மூடியபடி நிற்கும். பிறகு எஞ்சின் காற்றெடுக்கிற குழாயின் வாய்க்கும், வைப்பருக்குக் கீழே உள்ள துளைகளுக்கும் ஆறு மில்லிமீற்றரிலும் சிறிய கண்ணுள்ள கம்பிவலை வெட்டிக் கட்டுங்கள். புகைக் குழாய்க்குள் இரும்புப் பஞ்சு. இவ்வளவும் செய்தால் அவசியம் ஒரு கடதாசியில் 'வலை இரண்டு இடத்தில், புகைக் குழாயில் பஞ்சு, எடுத்துவிட்டு ஸ்ரார்ட் பண்ணு' என்று எழுதி ஸ்ரியரிங்கில் கட்டுங்கள். மறந்துபோய் ஸ்ரார்ட் பண்ணிய ஆள் ஒருவர் என் வாடிக்கையாளர். பெயர் சொல்ல மாட்டேன், அவர் என் மச்சான்.

கார் வெளியே நிற்கிறதென்றால் விறகுக் குவியலுக்கும் குருவித் தீனித் தட்டுக்கும் தள்ளி விடுங்கள், சுற்றியுள்ள பனியை யாராவது வழித்துவிடட்டும். பனிக்கு அடியில் எலி சுரங்கம் மாதிரி வழி எடுத்துக்கொண்டு வரும். நிலம் தொடுகிற உறையும் போடாதீர்கள், அது எலிக்குக் கூடாரம்.

"மகனிட்டைச் சொன்னனான் தம்பி, கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஸ்ரார்ட் பண்ணி விடச் சொல்லி." வேண்டாம் ஐயா. எலி போகாது, சூடான எஞ்சினைக் கண்டு மகிழும். பற்றறியும் அந்தப் பத்து நிமிடத்தில் நிறையாது. எஞ்சினுக்குள் ஈரம் மட்டும் சேரும். பற்றறிக்குத் தானாக நிறுத்துகிற சின்னச் சார்ஜர் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போங்கள். மகனுக்கு வேறு வேலை கொடுங்கள்: கிழமைக்கு ஒருக்கா கராஜில் எலிப்பொறியைப் பார்க்கட்டும். சுவரோரமாக, வாய் சுவரைப் பார்த்தபடி, பயறு அளவு பீநட் பட்டர் வைத்தால் போதும். எலி நடுவெளியில் ஓடாது, சுவரைத் தேய்த்துக்கொண்டுதான் ஓடும்.

நஞ்சு வைக்காதீர்கள். தயவுசெய்து. நஞ்சு தின்ற எலி அந்த இடத்திலேயே சாகாது, சில நாள் கழித்துத் தன் கூட்டில் போய்ச் சாகும். கூடு எங்கே என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹீற்றர் பெட்டிக்குள் செத்த எலியை எடுக்கிற வேலைக்கு நான் இரட்டைக் கூலி கேட்பேன், கேட்டும் இருக்கிறேன்.

"பிள்ளையாற்றை வாகனம், கொல்லக் கூடாது" என்று சொல்கிற அம்மாமாருக்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. கொல்லாமல் இருப்பதற்கு ஒரே வழி ஓட்டையை அடைப்பதுதான். அதைச் செய்யுங்கள், பொறியே தேவைப்படாது.

திரும்பி வந்ததும் சாவியைத் திருப்பாதீர்கள். ஃபானையும் தொடாதீர்கள். பொனற்றைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். சூடாகிற புகைக் குழாய்க்கு மேல் பஞ்சும் தாளும் கிடந்தால் அது நெருப்பு. இரண்டு பில்ரர் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். புழுக்கையைக் கண்டால் கூட்டவோ வக்யூம் பண்ணவோ கூடாது, தூசி கிளம்பி மூச்சுக்குள் போகும். முதுகு மண்ணிறமாக, வயிறு வெள்ளையாக, பெரிய கண்ணோடு இருக்கிற 'டியர் மவுஸ்' வகை, நுரையீரலைத் தாக்குகிற ஹன்ரா வைரஸைக் காவக்கூடியது. கனடாவில் அந்த நோய் அதிகம் வந்தது மேற்கு மாகாணங்களில்தான், ஆனால் எந்த எலியின் புழுக்கை என்று பார்த்துப் பெயர் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கதவுகளைத் திறந்து அரை மணித்தியாலம் காற்றோட விடுங்கள். கையுறையும் மாஸ்க்கும் போடுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, நன்றாக நனைய விட்டு, பத்து நிமிடம் கழித்துத் தாளால் துடைத்து எடுங்கள்.

ஐயாவின் காருக்குப் பில்ரர் புதிது, ஃபானைக் கழற்றிக் கழுவினேன், நல்லகாலம் எலி வயரில் வாய் வைக்கவில்லை. போகும்போது பில்லைப் பார்த்துவிட்டு, "அந்த அரிசியை என்ன செய்தனீர்?" என்று கேட்டார். குப்பையில் போட்டேன் என்றேன். "மிச்ச மூட்டை?" என்றார். அதையும் போடச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் போடுவார் போலத் தெரியவில்லை.