மன்னித்தவர் சாட்சி சொல்லக் கூடாதா?

போன வாரம் ஒரு தாயும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பையனுக்கு வயது பத்தொன்பது. வரப்புத் தகராறில் அவனுடைய தகப்பனாரைச் சிலர் வெட்டிக் கொன்ற வழக்கு இன்னும் நடக்கிறது. அவனுடைய கல்லூரி நோட்டின் பின்னட்டையில் எதிரிகள் ஆஜராகும் வாய்தாத் தேதிகள் வரிசையாக இருந்தன, முடிந்துபோனவற்றை அடித்திருந்தான். "எதற்குத் தம்பி இது?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். 2024 டிசம்பர் 20 அன்று பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலிலேயே பழிக்குப்பழியாக ஓர் உயிர் போனது. அது நினைவுக்கு வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தாய் சொன்னதைக் கேட்டபோதோ கொதித்துப்போனேன். திருச்சபைப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, "மன்னித்துவிடம்மா, சாட்சி சொல்லப் போகாதே" என்றார்களாம். இவரும் தலையாட்டியிருக்கிறார். மகன் வாசலில் நின்று கேட்டிருக்கிறான். சட்டமும் கேட்காது, அம்மாவும் கேட்க மாட்டாள் என்றால் அவன் வேறென்ன நினைப்பான்?

எத்தனை முறைதான் சொல்வது! நானும் சபைக்குப் போகிறவன்தான். மன்னிப்பதற்கும் பிறழ்சாட்சி (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்பவர்) ஆவதற்கும் சம்பந்தமே இல்லை. கொலை வழக்கை நடத்துவது அரசு. அதில் சமரசம் பேசச் சட்டத்தில் இடமில்லை. "பழிவாங்குதல் எனக்குரியது" என்பது வேதத்தில் ரோமர் 12ஆம் அதிகாரம். அடுத்த அதிகாரத்திலேயே, தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரியின் கையில் பட்டயம் (வாள்) இருக்கிறது என்று பவுல் எழுதுகிறார். அதற்குள் வேதத்தை மூடிவிடுகிறீர்களே!

1999இல் ஒடிசாவில் தன் கணவரான மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். ஆனாலும் மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் போட்டுக் குழப்பக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். 2003இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது.

மன்னிப்பு ஒரே ஜெபத்தில் முடிகிற காரியமும் அல்ல. ஒவ்வொரு வாய்தாவிலும் அந்த முகத்தைப் பார்க்கும்போது கசப்பு மறுபடி மேலெழும். மறுபடி மன்னிக்க வேண்டும். ஏழெழுபது தரம் மன்னி என்று இயேசு சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

"நீ ஆம்பிள்ளைதானா?" என்று பையனை உசுப்பிவிடும் உறவினர்களை வாசற்படி ஏற்றாதீர்கள். அவனைத் தனியாக நீதிமன்றத்துக்கு அனுப்பாதீர்கள். சாட்சிக்கு மிரட்டல் வந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனுக் கொடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை விசாரிக்கும். ஐயா பெரியவர்களே, ஜெபிக்கப் போகிற வீட்டில் அந்தப் பிள்ளையின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

தாய் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டுவிட்டார். தம்பி, அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிடு. தேதிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.