கட்டுக்கோப்பு: 'என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

என் தங்கச்சி மாப்பிள்ளை மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் லாரி வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வெட்டும் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் தொழில். அலுவலக போர்டில் அவர் பெயரை அடுத்து 'என்டர்பிரைஸ்' என்று எழுதியிருக்கும். மலேசியாவில் தனி ஆளாகத் தொழில் பதிவு செய்கிறவர்கள் நிறைய பேர் இந்தச் சொல்லைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் டவுனில் டயர் கடை, பூக்கடை, கேட்டரிங் எதைப் பார்த்தாலும் ஓர் என்டர்பிரைஸ் இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் அவர் போனில் ஒரு பயிற்சி விளம்பரத்தைக் காட்டினார். "மச்சான், என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்னு போட்டிருக்கான். நம்ம போர்டுலயும் என்டர்பிரைஸ்தானே இருக்கு. அப்ப இது நமக்கும் வேணுமா?" என்று கேட்டார்.

நான் பல வருடங்களாக நிறுவனங்களில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். இந்தச் சொல்லைத் தினமும் கேட்கிறேன். ஒரு நிறுவனத்தின் வேலைகள், ஆட்கள், தகவல்கள், கணினிகள் எல்லாம் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று முழுதாகப் பார்க்கும் வேலைக்கு அந்தப் பெயர். ஆனாலும் அன்று அவருக்குத் தமிழில் சொல்ல வாயெடுத்தபோது வார்த்தை வரவில்லை. 'நிறுவனக் கட்டமைப்பு' என்றேன். "அதாவது யாருக்குக் கீழே யார்னு சொல்ற படமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 'கட்டமைப்பு' என்றால் அவருக்கு அப்படித்தான் படும். அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் 'என்டர்பிரைஸ்'. இது பிரெஞ்சு மொழி வழியாக வந்த சொல். 'ஆந்த்ர' என்றால் இடையில், 'ப்ராந்த்ர' என்றால் எடு, பற்று. இரண்டும் சேர்ந்து 'கையில் எடுத்துக்கொள்' என்று பொருள் தரும். தமிழில் 'மேற்கொள்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே மனப்போக்கு. ஆக, வேரைப் பார்த்தால் என்டர்பிரைஸ் என்பது ஒரு கட்டடமோ கம்பெனியோ இல்லை. ஒருவர் அல்லது பலர் துணிந்து மேற்கொண்ட காரியம். இலங்கைத் தமிழர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அங்கே சிறிய, நடுத்தரத் தொழில்களை அரசு ஆவணங்களிலேயே 'தொழில்முயற்சி' என்று எழுதுகிறார்கள். மலாய்க்காரர்களும் 'பெருசஹான்' என்பார்கள். அதன் நடுவில் இருக்கும் 'உசஹா' என்றால் முயற்சி. அது வடமொழி 'உத்ஸாஹ' என்பதிலிருந்து போனது. நம் 'உற்சாகம்' வந்ததும் அங்கிருந்துதான். போர்டில் இருக்கும் சொல்லுக்கும் உற்சாகத்துக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு முயற்சி என்ற பொருளை விளக்க வெளியே போக வேண்டியதில்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்களை வெளியேற்றிய காலத்தில், 1960ல், மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சுங்கை சிப்புட் அவருடைய நாடாளுமன்றத் தொகுதி. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கைகளே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டம் வாங்கின. என்டர்பிரைஸ் என்ற சொல்லின் வேர்ப்பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்து 'ஆர்க்கிடெக்சர்'. கிரேக்கத்தில் 'அர்க்கி' என்றால் தலைமை, 'தெக்தோன்' என்றால் தச்சன், கட்டுபவன். தெக்தோனும் வடமொழியின் 'தக்ஷன்' என்ற சொல்லும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. தமிழின் 'தச்சன்' அந்த வழியில் வந்தது என்று அகராதிகள் சொல்லும். தனித்தமிழ் வேர் காட்டுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கை விட்டுவிட்டாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. தலைமை + தச்சன் என்ற அதே சேர்க்கையை நம்மவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1010ல் பணி நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் 'வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்' என்ற பெயர் வருகிறது. ஆர்க்கிடெக்ட் என்ற கிரேக்கச் சொல்லை எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தால் கிடைப்பது பெருந்தச்சன்தான்.

பெருந்தச்சன் ஒவ்வொரு கல்லையும் தானே செதுக்கியிருக்க மாட்டார். எந்தக் கல் எதன்மேல் உட்காரும், எந்தச் சுமை எங்கே இறங்கும், மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்ற உறவுகள் அவர் பொறுப்பு. கணினிக்காரர்கள் கட்டடக்காரரின் சொல்லைக் கடன் வாங்கியது இதற்காகத்தான். ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ஜான் ஸாக்மன் 1987ல் அந்த நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். வீடு கட்டுவதையும் விமானம் செய்வதையும் உதாரணமாக வைத்து, ஒரே பொருளுக்கு வீட்டுக்காரர் பார்க்கும் படம் ஒன்று, வடிவமைப்பவர் பார்க்கும் படம் ஒன்று, கொத்தனார் பார்க்கும் படம் ஒன்று என்று விளக்கினார். எதுவும் பொய்ப் படம் இல்லை. ஆனால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வர வேண்டும். அந்தக் கட்டுரையில் அவர் 'தகவல் முறைமைகளின் ஆர்க்கிடெக்சர்' என்றுதான் சொன்னார். முழு நிறுவனத்துக்கும் அந்தப் பெயர் பரவியது அப்புறம்.

ஸாக்மன் இந்தப் படங்களை அடுக்கிய அட்டவணையின் நெடுவரிசைகள் ஆறு கேள்விகள்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். 1987ல் முதல் மூன்றுதான் இருந்தன. மற்ற மூன்றும் 1992ல் சேர்ந்தன. படிக்கிறபோது வறட்சியாகத் தெரியும். எனக்கு இது விளங்கியது எங்கள் அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டத்தை நினைத்துப் பார்த்த பிறகுதான்.

விடியும் முன் பெரட்டு, அதாவது வேலையாட்கள் வந்து கூடி நிற்பது. ஆள் கணக்கு எடுத்து, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் யாருக்கு எந்த மர வரிசை என்று நிரை பிரித்துக் கொடுப்பார். ஏன் அத்தனை காலையில்? வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். வெட்டிய பால் வாளியிலேயே உறைந்துவிடக் கூடாது என்பதால் ஸ்டோருக்கு இத்தனை மணிக்குள் வந்துவிட வேண்டும். அங்கே எடை, அப்புறம் மெட்ரோலாக் என்ற அளவுகருவியை விட்டுப் பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்த எண், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறும். செக்ரோலிலிருந்து சம்பளம். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் எங்கே இருந்தன, குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகை ஏன் விடியும் முன்பே திறந்தது, தமிழ்ப்பள்ளி ஏன் நடக்கும் தூரத்தில் இருந்தது என்று எல்லாமே அந்தப் பால் ஓட்ட நேரத்தோடு கட்டப்பட்டவை. வாழ்க்கை அதில் கசங்கியது வேறு விஷயம், மறக்கவும் கூடாது. ஆனால் ஒன்றை அசைத்தால் மற்றது அசையும் என்பதை அங்கே படிக்காதவர்களும் அறிந்திருந்தார்கள்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மரம் மட்டும் மாறியதாகத்தான் வெளியே தெரிந்தது. உள்ளே ஆறு கேள்விகளுக்கும் பதில் மாறியது. தினமும் வெட்டுகிற வேலை போய், ஒரே மரத்துக்குப் பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று என்றானது. வாளிப் பாலின் எடைக்குப் பதிலாகக் குலைக் கணக்கு. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும் என்பதால் லாரியும் சாலையும் முன்னுக்கு வந்தன. தங்கச்சி மாப்பிள்ளைக்குத் தொழில் கிடைத்ததே அதனால்தான். பழைய செக்ரோலை வைத்துக்கொண்டு புதுப் பயிரை நடத்த முடியாது. இன்றைய நிலை என்ன, போக வேண்டிய நிலை என்ன, நடுவில் என்னென்ன மாற வேண்டும் என்று முழுதாக யோசிக்கும் இந்த வேலைக்குத்தான் நகரத்து நிறுவனங்கள் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பேர் வைத்திருக்கின்றன.

இதை எப்படிச் செய்வது என்று வழிகாட்டும் வரைமுறைகளுக்கு ஆங்கிலத்தில் 'ஃபிரேம்வொர்க்' என்று பெயர். இங்கேதான் 'கட்டமைப்பு' நம்மைக் கைவிடுகிறது. ஸ்ட்ரக்சருக்கும் அதுவே, ஆர்க்கிடெக்சருக்கும் அதுவே, ஃபிரேம்வொர்க்குக்கும் அதுவே. சாலை, மின்சாரத்துக்கு 'உட்கட்டமைப்பு'. கடைசியில் 'நிறுவனக் கட்டமைப்புக் கட்டமைப்பு' என்று எழுத வேண்டி வரும். ஃபிரேம்வொர்க்குக்கு 'சட்டகம்' என்பதே சரி என்று நினைக்கிறேன். கதவுச் சட்டம், படச் சட்டம் என்று மரவேலையில் வழங்கும் சொல்லின் உறவு அது. உள்ளே வரைவது நம் படம், சட்டகம் ஓரத்தைப் பிடித்துக் கொடுக்கும். இதே 'சட்டம்' ஆணைக்கும் பெயர் என்பதால் ஒரு எச்சரிக்கையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் இது உண்மையிலேயே ஆணையாகவும் வந்தது: 1996ல் இயற்றிய கிளிங்கர்-கோஹன் சட்டம், அரசுத் துறைகள் தங்கள் கணினி அமைப்புகளுக்கு ஓர் ஆர்க்கிடெக்சர் வைத்திருக்க வேண்டும் என்றது. 1999ல் அவர்களுடைய கூட்டரசுச் சட்டகம் வெளிவந்தது.

தொழில் நிறுவனங்களில் அதிகம் அடிபடும் சட்டகத்தின் பெயர் டோகாஃப் (TOGAF). தி ஓப்பன் குரூப் என்ற அமைப்பு 1995ல் வெளியிட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு சட்டகம் அதற்கு அடிப்படை. இப்போது இருப்பது 2022ல் வந்த பத்தாம் பதிப்பு. ஸாக்மனுடையது அஞ்சறைப் பெட்டி மாதிரி, எது எந்த அறையில் என்று சொல்லும். எப்போது எதை எடுத்துத் தாளிப்பது என்று சொல்லாது. அந்த வரிசையைச் சொல்வது டோகாஃப். நோக்கத்தை வகுத்து, தொழில், தகவல், செயலிகள், தொழில்நுட்பம் என்ற நான்கையும் பார்த்து, மாற்றத்தைத் திட்டமிட்டு, நடத்தி, மறுபடி முதலுக்கு வரும் ஒரு சுழற்சி. வரைவதற்கான குறியீட்டு மொழியாக ஆர்க்கிமேட் இருக்கிறது, நெதர்லாந்தில் பிறந்தது.

உங்கள் இடத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள் என்று டோகாஃப் தானே சொல்கிறது. அதைக் கேட்காமல் அத்தனை படிவத்தையும் நிரப்பிய ஓர் இடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். படங்கள் அலமாரி நிறைய இருந்தன. ஒரே வாடிக்கையாளர் நான்கு இடத்தில் நான்கு எழுத்துக்கூட்டலில் இருந்தது கடைசிவரை மாறவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் உழைப்பாளிகள்.

சரி, ஆர்க்கிடெக்சருக்கு என்ன சொல்? 'கட்டடக்கலை' செங்கல்லை விட்டு வெளியே வராது. 'வடிவமைப்பு' டிசைனுக்குப் போய்விட்டது. 'பெருந்தச்சு' என்று சொல்ல எனக்கு ஆசைதான். லாரி அலுவலகத்தில் போய்ச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

எனக்குப் பிடித்தது 'கட்டுக்கோப்பு'. கட்டுக்கோப்பான குடும்பம், கட்டுக்கோப்பான நிர்வாகம் என்று வீட்டிலும் கூட்டத்திலும் வழங்கும் சொல் இது. கதைக்குக் கட்டுக்கோப்பு இல்லை என்று விமர்சகர்களும் எழுதுவார்கள். பூவைக் கட்டுகிறோம், மணியைக் கோக்கிறோம். இரண்டு வினையும் இதற்குள் இருக்கின்றன. மணிகளின் பட்டியல் வேறு, கோத்த மாலை வேறு. 'கட்டமைப்பு' எது எங்கே நிற்கிறது என்பதோடு நின்றுவிடும். எது எதோடு சேர்ந்து இயங்குகிறது என்பதைக் 'கட்டுக்கோப்பு' சொல்லும். ஒழுங்கு என்ற சாயலும் அதில் இருக்கிறது. அதனால் நிறுவனக் கட்டுக்கோப்பு என்று சொல்லலாம். சின்னத் தொழிலானால் தொழில்முயற்சிக் கட்டுக்கோப்பு. ஃபிரேம்வொர்க்குக்குக் கட்டுக்கோப்புச் சட்டகம். கட்டமைப்பை ஸ்ட்ரக்சருக்கே விட்டுவிடலாம்.

மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருவோம் என்றேன். அவருக்கு ஏற்கெனவே ஒரு தலைவலி இருந்தது. மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ், கட்டாயமாகி வருகிறது. ஆண்டு வருமானம் 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கியது. அவருக்கு வேலை கொடுப்பவர்கள் மாறியதும் அவரும் மாற வேண்டியதாயிற்று. மென்பொருள் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தார்.

ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு லோடின் பயணத்தை வரைந்தோம். டிரைவருக்கு அது 'டிரிப்', தன் நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். ஆலைக்கு அது எடைமேடைச் சீட்டு. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கணக்கு எழுதும் தங்கச்சிக்கு அது ஒரு பில், அதற்குத் தனி நம்பர். ஒரே லோடுக்கு மூன்று பெயர். மாதக் கடைசியில் இந்த மூன்றையும் பொருத்தவே தங்கச்சிக்கு இரண்டு நாள் போகிறது. எந்த மென்பொருள் வாங்கினாலும் இந்த மூன்று பெயரும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆலையின் எடைச்சீட்டு எண்தான் இனி லோடின் எண் என்று முடிவு செய்தோம். டிரைவர் நோட்டிலும் அதே எண், பில்லிலும் அதே எண். மென்பொருளைப் பற்றி அதன் பிறகே பேசினோம், அதுவும் பத்து நிமிடம்தான். ஸாக்மனுடைய ஆறு கேள்விகளுக்கும் காலண்டரில் கட்டம் போட்டிருந்தோம். 'ஏன்' என்ற கட்டத்தில் எழுத அவர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் 'லாரி காத்துக் கிடக்கக் கூடாது' என்று எழுதினார். குலைக்கு 24 மணி நேரம்தான் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது.

போன வாரம் அவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். காலண்டர் அட்டை மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது. அவர் போனில் ஒரு டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "தம்பி, சீட்டு நம்பர் எழுதாம கிளம்பாதப்பா. ஒரு லோடு விட்டுப்போனா நம்ம கட்டுக்கோப்பே போயிடும்."