சாட்சி சொன்ன பிறகும் மாத்திரை சாப்பிடுங்கள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓ.பி. முடியும் நேரம். ரப்பர் பால் வெட்டும் ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் கூட்டிவந்தார். வயது 52. வலது பாதத்தைத் துவர்த்தால் (துண்டால்) சுற்றியிருந்தார்கள். அவிழ்ப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. கன்னியாகுமரி ஜில்லாவில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் 23 வருடமாக டாக்டர் வேலை பார்க்கிற எனக்கு அந்த வாடை போதும். பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்துப்போயிருந்தது. வலிக்கிறதா என்றேன். "ஒண்ணும் இல்ல டாக்டரே" என்றார். வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயம்.

ஏழு வாரத்துக்கு முன்னால் இவர் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறார், ஒன்பது வருஷத்துச் சுகரை ஆண்டவர் எடுத்துப்போட்டார் என்று. கையில் லேப் ரிப்போர்ட்டும் இருந்திருக்கிறது: வெறும் வயிற்றில் 108. அன்று ராத்திரியே மாத்திரை, இன்சுலின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அதுதான் ஆண்டவருக்குச் செலுத்தும் நன்றி என்று அவர் நினைத்தார்.

காலில் புண் வந்ததும் ஏன் வரவில்லை என்று மனைவியிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "சாட்சி சொன்னதுக்குப் பிறகு மாத்திரை தின்னா, ஆண்டவருக்கு முன்னால அது பொய்ச்சாட்சி ஆயிராதா டாக்டரே?"

இந்த வருடத்தில் இப்படி என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர். (ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான் விசுவாசத்துக்கு விரோதமாக எழுதவில்லை. ஞாயிறு தோறும் ஆராதனைக்குப் போகிறவள், ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்பும் மனதுக்குள் ஒரு வரி ஜெபிக்கிறவள். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

அந்த 108-ஐப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. ரிப்போர்ட்டில் அளவு சரியாக இருக்கிறது என்றால், சாப்பிட்ட மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மழைக்காலத்தில் ரப்பர் மரத்தில் பிளாஸ்டிக் கட்டுகிறோமே, சிரட்டையில் தண்ணீர் விழாமல் பால் சுத்தமாக இருக்கிறது. சிரட்டையைப் பார்த்துவிட்டு, "மழை நின்றுபோச்சு" என்று பிளாஸ்டிக்கைக் கிழித்துப்போடுவோமா? இதைச் சொன்னதும் அந்த மனிதரே தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது வருஷம் மரம் வெட்டினவருக்கு விளங்கிவிட்டது. வெறும் வயிற்று அளவு அந்த ஒரு காலையைத்தான் சொல்லும். மூன்று மாதச் சராசரியைச் சொல்ல ஹெச்பிஏ1சி என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. அதுவும் சரியாக இருந்தால்கூட, அந்த மூன்று மாதமும் மருந்து உள்ளே போயிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். பிரஷருக்கும் இதே கதைதான். 120/80 வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, பிறகு கை கால் இழுத்துக்கொண்டு வந்தவர்களை எண்ணி முடியாது.

சிலருக்கு எடை குறைந்து, சாப்பாடு சீராகி, மருந்தே தேவைப்படாத நிலை வருவது உண்டு. அப்போது மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பவளும் நான்தான். அன்றைக்கு உங்களைவிட அதிகமாக நான் ஸ்தோத்திரம் சொல்வேன்.

வேதம் தெரிந்தவர்களிடம் வேதத்திலிருந்தே கேட்கிறேன். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள். திரும்பி வந்து நன்றி சொன்ன அந்த ஒரு சமாரியனைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் இயேசு பத்துப் பேருக்கும் என்ன சொன்னார்? போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்றார். குஷ்டம் நீங்கிவிட்டதா என்று தோலைப் பார்த்து உறுதி செய்வது அந்தக் காலத்தில் ஆசாரியனின் பொறுப்பு, லேவியராகமம் 14-இல் முறை முழுவதும் இருக்கிறது. சுகம் கொடுத்தவரே, போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றுதான் அனுப்பினார். வியாதியாய்ப் படுத்திருந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருடம் ஆயுசு என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி அவருடைய பிளவையின்மேல் (சீழ்க்கட்டியின்மேல்) பற்றுப்போட வைத்தார். இப்படிப்பட்ட பெரிய பிளவையைத்தான் நம் ஊரில் ராஜபிளவை என்பார்கள், சுகர் கட்டுப்படாதவர்களின் பிடரியிலும் முதுகிலும் நான் பார்க்கிறேன். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே கட்டிலருகில் இருந்தன. யாரும் அதை அவிசுவாசம் என்று சொல்லவில்லை.

நம் ஜில்லாவில் இருந்துகொண்டு மருந்தையும் விசுவாசத்தையும் எதிரெதிரே நிறுத்துவது எனக்குக் கூடுதல் வருத்தம். லண்டன் மிஷன் டாக்டர் ராம்சே நெய்யூரில் வைத்தியம் தொடங்கியது 1838-இல். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த ஜனங்களைப் பார்த்துவிட்டு இங்கேயே ஊழியம் செய்ய முடிவெடுத்தார். நமக்கு சுவிசேஷம் சொன்ன கைகள்தான் நம் பாட்டன் பூட்டனுக்குக் கட்டும் போட்டுவிட்டன.

நன்றி என்றதும் மேடை, மைக், ஸ்தோத்திர காணிக்கைக் கவர் என்று ஒரு பெரிய நாளை நினைக்கிறோம். என் அம்மாவுக்குப் பிடியரிசிக் கலயம்தான் நன்றி. தினமும் உலையில் அரிசி போடும் முன்பு ஒரு பிடி எடுத்து, அடுப்புக்கு மேலே பலகையில் இருந்த கலயத்தில் போடுவார். அரிசி குறைவாக இருந்த நாளில் பிடி சின்னதாகும், இல்லாமல் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் கோவிலுக்குப் போகும். எல்லா நாளும், ஒரே நேரத்தில், யாரும் பார்க்காமல். நான் நோயாளிகளிடம் கேட்கிற ஒழுங்கும் அதேதான். இன்றைக்குக் கண் விழித்தேன், இன்றைக்கு ஒரு மாத்திரை வாங்கக் கையில் காசு இருக்கிறது, ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொல்லிவிட்டுத் தண்ணீரோடு விழுங்குங்கள். ஐந்து வினாடி ஜெபம்.

சில எச்சரிக்கைகள். வலிப்பு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிரே போகலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் திடீரென்று நிறுத்தக்கூடாது. சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. பெற்றோரே, காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தப் பிள்ளையின்மேல் உங்கள் விசுவாசத்தைப் பரீட்சை பார்க்காதீர்கள்.

உபவாச ஜெபம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சுகர் தாழ்ந்துவிடும். வியர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும். ஒரு உபவாசக் கூட்டத்தில் இப்படி நடுங்கிய ஒரு தாயை, ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று நினைத்து அரை மணி நேரம் சுற்றி நின்று பாடியிருக்கிறார்கள். நல்லவேளை, கூட்டத்தில் ஒரு நர்ஸ் பிள்ளை இருந்தாள், வாயில் சர்க்கரையைப் போட்டாள். லெந்து நாட்களுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு) முன்பே வந்து கேளுங்கள், மருந்து நேரத்தை மாற்றித் தருகிறேன். முடியாது என்று நான் சொன்னால், டிவியை உபவாசம் பண்ணுங்கள்.

கத்தோலிக்க சகோதரர்களுக்கும் ஒன்று. கோட்டார் சவேரியார் கோவிலுக்கு, காற்றாடிமலைக்கு, வேளாங்கண்ணிக்கு என்று நன்றிக்கடனாகச் செருப்பில்லாமல் நடக்கிறீர்கள். சுகரால் உணர்ச்சி செத்த காலுக்குத் தார் ரோட்டின் சூடும் தெரியாது, குத்தின ஆணியும் தெரியாது. நேர்ச்சையைச் செருப்புப் போட்டுக்கொண்டு நிறைவேற்ற முடியுமா என்று உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். நான் கேட்கச் சொன்ன யாரையும் எந்தச் சாமியாரும் மறுத்ததில்லை.

சபை ஐயர்மாரே, போதகர்மாரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவர் சாட்சி சொல்ல வரும்போது ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?" அதோடு, இருபது வருஷமாக மருந்து சாப்பிட்டுக்கொண்டு, கண் நன்றாகத் தெரிந்து, கால் விரல் பத்தும் இருக்கிற ஒரு பாட்டியையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். சபையில் அந்தச் சாட்சியை நான் இன்னும் கேட்டதில்லை.

மருந்தை ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள், பழைய அளவு இன்சுலினை நீங்களாகவே திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். பாதிச் சீட்டோ, பழைய அட்டையோ, இருப்பதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது. மூன்றாவது டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது மனைவி தானாகவே சொன்னார்: "பிடியரிசி டப்பாவுக்குப் பக்கத்திலயே மாத்திரை டப்பாவயும் வச்சிருக்கேன் டாக்டரே. அரிசி அள்ளும்போதே இவருக்கும் எடுத்துக் குடுத்திருவேன்." அவர் வாயைத் திறக்காமல் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வெறும் வயிற்றில் 164. இன்சுலினை 2 யூனிட் கூட்டி எழுதி, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.